சாயம் அடிக்க ஆள் கூப்பிடும் முன்: தாமான் வீட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு செலவுக் கணக்கு

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவரை சுவருக்கு யார் வெள்ளை அடிப்பது, எப்போது அடிப்பது என்பதெல்லாம் நிர்வாகம் பார்த்துக்கொண்ட வேலை. இப்போது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியே வந்து தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், சொந்தமாக ஒரு தெரஸ் வீடு (வரிசையில் ஒட்டிக் கட்டிய வீடு) வாங்கிவிட்டார்கள். சாவி கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு வீட்டுக்குச் சாயம் அடிக்க எவ்வளவு ஆகும்?" இந்தக் கேள்விக்கு ஒருவர் 1,800 வெள்ளி (ரிங்கிட்) என்பார், இன்னொருவர் 3,500 வெள்ளி என்பார், கேட்டவர் குழம்பிப்போய் குறைந்த விலை சொன்னவரைக் கூப்பிட்டுவிடுவார். இரண்டு பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை என்பதுதான் இதில் விஷயம். சாயம் அடிக்கிற வேலையில் பணம் அதிகம் போவது சாயத்துக்கு இல்லை, கூலிக்கு. சுரண்டுவது, கழுவுவது, ஓட்டை அடைப்பது, காயவிடுவது என்று சாயத்துக்கு முன்னால் செய்கிற வேலையில்தான் விலை வித்தியாசம் வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் எந்த விலையையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

முதலில் சுவரைப் பாருங்கள்

யாருக்கும் போன் போடாதீர்கள். ஒரு டார்ச்லைட், கொஞ்சம் ஒட்டும் டேப், ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போங்கள்.

சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டினால் பழைய சாயம் செத்துவிட்டது, அல்லது அது சுண்ணாம்பு. அதன்மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற சுவர்ச்சாயம்) அடித்தால் சில மாதங்களில் தோல் உரிகிற மாதிரி உரியும், எவ்வளவு விலை உயர்ந்த சாயமாக இருந்தாலும் சரி. அடுத்து டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். சாயம் செதிலாகக் கூடவே வந்தால் அந்தச் சுவரைச் சுரண்டியே ஆகவேண்டும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள், "டொக் டொக்" என்று வெற்றுச் சத்தம் கேட்கிற இடத்தில் உள்ளே சிமெண்டுப் பூச்சு விட்டுவிட்டது, அதை உடைத்துத் திரும்பப் பூசவேண்டும், அது தனிச் செலவு.

ஈரம்தான் பெரிய எதிரி. நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது உத்தமம். கழிவறைக்குப் பின்பக்கச் சுவர், சன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, கூரையும் சுவரும் சேருகிற மூலை, இந்த இடங்களில் மஞ்சள் கறையோ கரும்புள்ளியோ, உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடியோ இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தக் குழாயையோ கூரை ஓட்டையோ சரிசெய்யாமல் சாயம் அடிப்பது பணத்தை மழையில் போடுவதுதான். கூரைக்காரரும் குழாய்க்காரரும் முதலில், சாயக்காரர் கடைசியில். இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றாதீர்கள்.

இன்னும் ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். வீடு பழையதாக இருந்து, சிலிங் கடினமான சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடாக இருந்தால் அதில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அந்தக் காலத்தில் கூரைக்கும் சிலிங்குக்கும் அது சர்வசாதாரணமாகப் போடப்பட்டது. அதை உப்புத்தாள் (சொரசொரப்பான தேய்ப்புத் தாள்) போட்டுத் தேய்க்கவோ, துளை போடவோ, உடைக்கவோ விடாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், வேலை செய்கிறவருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்தான். உடையாமல் நன்றாக இருக்கிற தகட்டின்மேல் அப்படியே சாயம் அடித்துக்கொள்ளலாம். பழைய மரக் கதவு, சட்டங்களில் இருக்கிற பழைய எனாமல் சாயத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதைக் காய்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் அந்த இரண்டு நாள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம் அளந்து பாருங்கள்

வீட்டின் தரை அளவை வைத்து விலை பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் சாயம் தரைக்கு அடிப்பதில்லையே. சுவரின் சதுர அடிதான் கணக்கு. அறையின் நாலு பக்க நீளத்தையும் கூட்டி உயரத்தால் பெருக்கினால் முடிந்தது. ஒரு சின்ன ஒற்றை மாடித் தெரஸ் வீட்டை எடுத்துக்கொள்வோம், சுவர் உயரம் 10 அடி. கூடம் 12க்கு 20, சுற்றளவு 64 அடி, ஆக 640 சதுர அடி. அறைகள் 10க்கு 12, 10க்கு 10, 9க்கு 10 என்று மூன்று, அவை 440, 400, 380. சமையலறை 10க்கு 12, அதில் பாதி உயரத்துக்கு ஓடு பதித்திருந்தால் 220. மொத்தம் 2,080. கதவு சன்னலுக்கு ஒரு 280 கழித்தால் 1,800 சதுர அடிச் சுவர். சிலிங் என்பது தரையளவுதான், இந்த வீட்டுக்கு 670. இரண்டும் சேர்த்து 2,470.

ஒரு லிட்டர் எமல்ஷன் சாயம் ஒரு கோட்டுக்கு (ஒரு தடவை அடிப்பதற்கு) சுமார் 100 சதுர அடி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டின்னில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருப்பார்கள், அது வழுவழுப்பான சுவருக்கு. நம் சொரசொரப்புச் சுவர் சாயத்தைக் குடிக்கும். இரண்டு கோட்டு என்றால் சுவருக்கு 36 லிட்டர், அதாவது 18 லிட்டர் டின் இரண்டு. சிலிங்குக்கு 13, 14 லிட்டர், 7 லிட்டர் டின் இரண்டு. சுவருக்குச் சாயத்துக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சான சீலர் ஒரு கோட்டு 18 லிட்டர், ஒரு டின். இந்தக் கணக்கு உங்கள் கையில் இருந்தால், "அண்ணே, ஆறு டின் வேணும்" என்று யாராவது சொல்லும்போது ஏன் என்று கேட்கலாம். அவரிடம் நல்ல காரணமும் இருக்கலாம். அடர்ந்த சிவப்பையோ நீலத்தையோ மறைத்து வெளிர் நிறம் கொண்டுவர மூன்றாவது கோட்டு தேவைப்படும்.

நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நிறமும் ஒரு தனி டின். அறைக்கு ஒரு நிறம், கூடத்தில் ஒரு சுவருக்கு மட்டும் வேறு நிறம் என்று ஆசைப்பட்டால் ஒவ்வொன்றிலும் அரை டின் மிஞ்சும், ஓரம் வெட்டி அடிக்கிற நேரமும் கூடும். முதல் வீட்டுக்கு இரண்டு நிறம் போதும் என்பது என் கருத்து. சாமி அறைக்கு மட்டும் மஞ்சளோ வேறு பிடித்த நிறமோ வேண்டுமென்றால் ஒரு லிட்டர் டின்னே வாங்கிக்கொள்ளலாம்.

வெளிச்சுவரைத் தனியாக அளந்து தனியாக விலை கேளுங்கள். நடு வீடு என்றால் முன்னும் பின்னும் மட்டும், ஓரத்து வீடு என்றால் ஒரு முழுப் பக்கச் சுவர் சேரும். வெளிச்சாயம் வேறு ரகம், வெயிலையும் பாசியையும் தாங்குகிற மாதிரி செய்தது, விலையும் கூட. உள்சாயம் மிஞ்சிவிட்டதே என்று அதை வெளியில் அடிக்க யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாடி என்றால் சாரம் கட்டுகிற செலவும் உண்டு.

விலை எப்படி வருகிறது

இங்கே மூன்று விதமாகப் பேசுவார்கள். நாள் கூலி, சதுர அடிக் கணக்கு, மொத்தமாக ஒரு தொகை. அதோடு "உப்பா சாஜா"வா, "பாராங்" சேர்த்தா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூலி மட்டுமா, சாமானும் சேர்த்தா என்று தெரியாமல் இரண்டு விலைகளை ஒப்பிடவே முடியாது.

மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொண்டு நான் ஒரு கணக்குப் போடுகிறேன். விலைகள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் ஊர் ஹார்ட்வேர் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சுவர்ச்சாயம் இரண்டு டின் 400 வெள்ளி, சிலிங் வெள்ளை 120, சீலர் 150, பட்டி (ஓட்டை அடைக்கிற பசை), உப்புத்தாள், டேப், ரோலர் எல்லாம் 130. சாமான் 800 வெள்ளி. ஆள் இரண்டு பேர், ஆளுக்கு நாளைக்கு 150 வெள்ளி. சுரண்ட, கழுவ, அடைக்க, தேய்க்க இரண்டு நாள், சீலரும் இரண்டு கோட்டும் அடிக்க நாலு நாள், ஆக ஆறு நாள், 1,800 வெள்ளி. மொத்தம் 2,600 வெள்ளி. சதுர அடிக்கு ஒரு வெள்ளி ஐந்து காசு.

இப்போது இன்னொருவர் 1,850 வெள்ளி என்கிறார். 750 வெள்ளி எங்கே குறைந்தது? முதல் இரண்டு நாளை எடுத்துவிட்டார், 600 வெள்ளி. சீலரை எடுத்துவிட்டார், 150 வெள்ளி. நேராகப் பழைய சாயத்தின்மேல் இரண்டு கோட்டு. முடித்த அன்று இரண்டு வீடும் ஒரே மாதிரிதான் பளிச்சென்று இருக்கும், அதனால்தான் யாரும் இதைக் கண்டுபிடிப்பதில்லை. ஒரு மழைக்காலம் போகட்டும், அப்புறம் பாருங்கள், 1,850 வெள்ளி வீட்டில் சன்னலுக்குக் கீழே கொப்புளம் கிளம்பியிருக்கும். அதைச் சரிசெய்ய மறுபடியும் அதே சுரண்டல், அதே சீலர், அதற்கு மேல் புதுச் சாயம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சுவர் நன்றாக, காய்ந்து, உரியாமல், மூன்று நாலு வருடச் சாயத்தோடு இருந்தால் முழுச் சுவருக்கும் சீலர் தேவையில்லை. கழுவி, ஆணி ஓட்டையை அடைத்து, அடைத்த இடத்துக்கு மட்டும் சீலர் தொட்டு இரண்டு கோட்டு அடித்தால் போதும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 1,850 வெள்ளி நியாயமான விலைதான். ஆகவேதான் முதலில் சுவரைப் பார்க்கச் சொன்னேன்.

கொந்தராத்து (ஒப்பந்தம்) எடுக்கிறவர் என்றால் இந்த 2,600க்கு மேல் வண்டி, ஏணி, சொந்த லாபம் எல்லாம் சேர்த்துச் சொல்வார், அது அவருடைய பிழைப்பு, கோபப்படத் தேவையில்லை. ஈப்போவிலிருந்து வருகிறவர் போக்குவரத்துச் செலவையும் சேர்ப்பார். கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025லிருந்து மாதம் 1,700 வெள்ளி, வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் நாளைக்கு 65 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அது எந்தத் தொழிலும் தெரியாதவருக்கும் உள்ள அடிமட்டம். ஏணியில் நின்று, கழுத்து வலிக்கச் சிலிங் அடித்து, ஓரம் கோணாமல் வெட்டத் தெரிந்த கைக்காரரிடம் 80 வெள்ளிக்கு வா என்று பேரம் பேசுவது சரியில்லை, நம் அப்பா அம்மாவும் கூலிக்கு நின்றவர்கள்தான். செலவைக் குறைக்க வேண்டுமா, வேலையில் ஒரு பங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சாமான் நகர்த்துவது, ஆணி பிடுங்குவது, சுவர் கழுவுவது எல்லாம் குடும்பமாகச் சேர்ந்து ஒரு சனி ஞாயிறில் செய்துவிடலாம், ஒரு நாள் கூலி மிச்சம். கரும்பூஞ்சை இருக்கிற இடத்துக்கு ஒரு பங்கு குளோராக்ஸ் (வெளுக்கும் திரவம்), மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். சன்னல்களைத் திறந்துவைத்து, கையுறை போட்டுச் செய்யுங்கள். கழிவறை கழுவுகிற ஆசிட்டை மட்டும் அதோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

ஆளைத் தேடுவது, விலை வாங்குவது

கோயிலில், சாப்பாட்டுக் கடையில், ஹார்ட்வேர் கடை தவ்கேயிடம் (முதலாளியிடம்) கேட்டாலே பத்துப் பெயர் வரும். மூன்று பேரை வீட்டுக்கு வரவழையுங்கள். போட்டோ அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பிலேயே விலை சொல்கிறவரை விட்டுவிடுங்கள், சுவரைத் தொட்டுப் பார்க்காதவருக்கு அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வருகிறவர் சுவரைத் தட்டுகிறாரா, தேய்க்கிறாரா, "இங்கே தண்ணி வருதே" என்று அவராகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

முன்பு செய்த வேலையைக் காட்டச் சொல்லும்போது போன மாதம் முடித்த வீட்டைக் கேட்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அடித்த வீட்டைக் கேளுங்கள். வெளிச்சுவரை ரோட்டில் நின்றே பார்த்துவிடலாம்.

விலையை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் இவ்வளவும் இருக்கவேண்டும்: எந்தெந்த அறை, சிலிங் உண்டா, கதவும் கிரிலும் உண்டா, சுரண்டலும் பட்டியும் யார் பொறுப்பு, சீலர் எத்தனை கோட்டு, சாயம் எத்தனை கோட்டு, எந்த நிறுவனத்தின் எந்த ரகம், எத்தனை நாள், குப்பையை யார் அள்ளுவது. ரகத்தின் பெயர் முக்கியம். நிப்பான், டூலக்ஸ், ஜோட்டுன் என்று நிறுவனப் பெயரை மட்டும் எழுதினால் போதாது, ஒவ்வொரு நிறுவனமும் மலிவு ரகத்திலிருந்து உயர்ந்த ரகம் வரை வைத்திருக்கிறது, விலை பல மடங்கு வித்தியாசப்படும். கிரிலைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள், கடைசியில் அதுதான் சண்டைக்கு வரும். துருவைத் தேய்த்து, துருத் தடுப்புச் சாயம் ஒரு கோட்டு, அதன்மேல் பளபளப்புச் சாயம் இரண்டு கோட்டு என்பது நிறைய நேரம் பிடிக்கிற வேலை, அதற்குத் தனி விலை வாங்குங்கள்.

முதல் முறை என்றால் சாமானை நீங்களே வாங்கிக் கூலியை மட்டும் பேசுவது நல்லது. கடைக்காரரிடம் பிரிக்காத டின்னைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், இயந்திரத்தில் நிறம் கலந்த டின்னைப் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாமானோடு கொந்தராத்து விட்டால், டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். நல்ல ரகத்தின் காலி டின்னில் மலிவுச் சாயத்தை ஊற்றிக் கொண்டுவருகிற ஆட்களும் உண்டு.

பணம் எப்போது கொடுப்பது

கூலி மட்டும் என்றால் முன்பணத்துக்கு அவசியமே இல்லை, வாரக்கடைசியில் செய்த நாளுக்குக் கொடுங்கள். சாமானோடு என்றால் சாமான் வாங்குகிற அளவுக்கு, மொத்தத்தில் 30 சதவீதத்துக்குள் முன்பணம். சுரண்டி, பட்டி போட்டு, சீலர் அடித்த பிறகு அடுத்த பங்கு. இந்தக் கட்டத்தில்தான் நீங்கள் கட்டாயம் போய்ப் பார்க்கவேண்டும், ஏனென்றால் சாயம் ஏறியபின் உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. முடிந்தபின் மீதி, அதில் ஒரு 10 சதவீதத்தை ஒரு நல்ல மழை பெய்யும் வரை நிறுத்திவைப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். பாதிக்கு மேல் முன்பணம் கேட்கிறவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் வேண்டாம். கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள்.

தீபாவளிக்கு முந்தின மாதம் வேண்டாம்

நம் ஆட்கள் எல்லாரும் தீபாவளிக்கு முன்னால்தான் சாயம் அடிக்க நினைப்போம். அந்த மாதத்தில் நல்ல கைக்காரர் யாரும் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் ஒரே நேரத்தில் மூன்று வீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவார். அவர் விலையைக் கூட்டுவதைவிடப் பெரிய இழப்பு அவசரத்தில் இருக்கிறது, சீலர் காயுமுன் சாயம் ஏறும். அதைவிட முக்கியம், தீபாவளி விழுகிற அக்டோபர், நவம்பர்தான் பேராக் உட்பட இந்தப் பக்கம் அதிக மழை பெய்கிற மாதங்கள், சாயங்காலம் ஆனால் இடியும் மழையும். வெளிச்சுவர் காய்வதற்கு நேரமே கிடைக்காது. ஏப்ரல், மே மாதங்களும் ஏறக்குறைய அப்படித்தான். மழை குறைகிற ஜூன், ஜூலையிலோ, தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் முடிந்த பிறகு பிப்ரவரி வாக்கிலோ வெளிச்சுவரை முடித்துவிடுங்கள். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முந்தின வாரங்களிலும் ஆள் கிடைப்பது கஷ்டம், நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குக் கூடத்தை மட்டும் ஒரு கோட்டு புதுப்பித்தாலே வீடு களைகட்டும்.

புது வீடு, புதுச் சிமெண்டுப் பூச்சு என்றால் குறைந்தது நாலு வாரம் காயவிடவேண்டும். பச்சைச் சிமெண்டின் காரம் சாயத்தை அரித்துவிடும்.

வேலை நடக்கிற நாட்களில்

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எட்டிப்பாருங்கள். தண்ணீர் எவ்வளவு கலக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள், டின்னில் அளவு எழுதியிருக்கும், அதைத் தாண்டினால் இரண்டு கோட்டு என்பது பெயருக்குத்தான். முதல் கோட்டு முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே சுமார் இரண்டு மணி நேரமாவது விடவேண்டும், மழை நாளில் இன்னும் கூட. தேநீரும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கத் தயங்காதீர்கள். கடைசி நாள் விளக்கைச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மேடுபள்ளமும் விட்டுப்போன இடமும் தெரியும், அங்கெல்லாம் டேப் ஒட்டிக் காட்டுங்கள்.

அலங்கார வேலைகள்

சுவரில் ஒட்டுகிற காகிதத்தைச் சுருள் கணக்கில் விற்பார்கள். சின்னச் சுருள் 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், 57 சதுர அடி வரும். கொரியாச் சுருள் என்கிற பெரியது 178 சதுர அடி. பூ வேலைப்பாட்டைப் பொருத்தி ஒட்டும்போது வெட்டி வீணாகும், அதனால் கொஞ்சம் கூடுதலாக வாங்கவேண்டும். கழிவறைக்குப் பின்சுவரிலோ வெளிச்சுவரின் உள்பக்கத்திலோ ஒட்டாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் பின்னால் பூஞ்சை பிடிக்கும். சிலிங்குக்குப் பிளாஸ்டர் போடுவதாக இருந்தால் அது சாயத்துக்கு முன், மின்கம்பி வேலை அதற்கும் முன்.

சண்டை வந்தால்

முதலில் போட்டோவோடு செய்தி அனுப்பி, சரிசெய்ய ஒரு தேதி கொடுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும், சின்ன ஊர், பெயர் கெடுவதை யாரும் விரும்பமாட்டார்கள். முடியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கிறது, கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்று வருடத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும். அங்கே கேட்பது எழுத்தில் வாங்கிய விலை, வங்கி ரசீது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, சாய டின்னின் லேபிள் ஆகியவைதான். அதனால் டின் மூடியில் இருக்கிற நிறக் குறியீட்டையும் சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள், நாளைக்குப் பிள்ளை சுவரில் கிறுக்கினால் அதே நிறத்தில் ஒரு லிட்டர் வாங்கவும் அது உதவும்.